எடையா, திறனா? மடிக்கணினிக் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்குக் கோலாலம்பூரில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்காமல் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து எல்ஆர்டி ரயில், பிறகு பேருந்து என்று தினமும் போய்வரப் போகிறாள். மடிக்கணினிக்காக 5,000 ரிங்கிட் எடுத்து வைத்திருக்கிறேன். மூத்த மகன், கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் வகைதான் வேண்டும், மற்றவை இரண்டாம் ஆண்டிலேயே திணறிவிடும் என்கிறான். அவனே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மேசைக்கணினி ஒன்று வீட்டில் இருப்பதால் அவன் பேச்சைத் தட்ட முடியவில்லை. மகளோ, வரைபடச் சுருளையும் அட்டை மாதிரிகளையும் தூக்கிக்கொண்டு இரண்டரைக் கிலோ கணினியையும் சுமக்க முடியாது என்கிறாள். லோ யாட் பிளாசாவில் விசாரித்தபோது, "பவர் உள்ளதை வாங்கிவிடுங்கள், ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் மகன் சொல்வதிலும் மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கடைக்காரர் சொன்னதைத்தான் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்க வேண்டும்.

திறன் கூடினால் எடையும் ஏன் கூடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். புரோசசரும் கிராபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கும் மெல்லிய கணினிகளில், நீடித்த வேலையின்போது புரோசசர் பெரும்பாலும் 15 முதல் 28 வாட் வரைதான் எடுத்துக்கொள்ளும். கேமிங் வகையில் புரோசசருக்கே 45 வாட்டோ அதற்கு மேலோ போக, கிராபிக்ஸ் கார்டு தனியாக 100 வாட்டை நெருங்கும், சிலவற்றில் தாண்டும். அவ்வளவு வெப்பத்தையும் சில்லிலிருந்து எடுத்து வெளியே தள்ளச் செப்புக் குழாய்களும் மெல்லிய தகட்டு அடுக்குகளும் இரண்டு காற்றாடிகளும் காற்று புகுந்து வெளியேறத் தாராளமான இடமும் தேவைப்படுகின்றன. கடையில் நீங்கள் தூக்கிப் பார்த்த கனத்தில் கணிசமான பங்கு இந்த ஏற்பாட்டுக்குரியது. அதனால், லேசாகவும் இருக்க வேண்டும், திறனும் குறையக்கூடாது என்று கேட்பவருக்குக் கிடைப்பது பல நேரங்களில் பெயரளவில் மட்டுமே அதே திறன்.

இது மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் சில்லை எடுத்துக்கொண்டால், மடிக்கணினியில் அதை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளத் தயாரிப்பாளர்களுக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிய கணினியின் மூலையிலும் தடித்த கணினியின் மூலையிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஒரே சில்லாக இருந்தாலும், தடித்தது இரண்டு நிமிடத்தில் முடிக்கும் படத்தை மெல்லியது மூன்று நிமிடம் இழுக்கலாம். தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் 'டிஜிபி' என்ற தலைப்பில் இந்த வாட் எண்ணைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது வீண் செலவு.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லின் வெப்பம் 95 அல்லது 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது தன் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். யூடியூபில் நீங்கள் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளிலோ ஏர்கோன் அறைகளிலோ எடுக்கப்பட்டவை. பிற்பகல் மூன்று மணிக்கு 33 டிகிரியில், மின்விசிறி மட்டும் சுழலும் வீட்டறையில் அதே கணினி அந்த எல்லையை விரைவிலேயே எட்டிவிடும். இதில் அதிகம் அடிபடுவது மெல்லிய உடலுக்குள் பெரிய கிராபிக்ஸ் கார்டைத் திணித்த வகைதான். அதைவிட அடக்கமான கார்டு உள்ள மெல்லியது தன்னால் முடிந்ததைச் சீராகச் செய்துகொண்டிருக்கும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, காட்சிக்கு வைத்த கணினியைத் தூக்கிப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் சார்ஜரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் அடிப்புறத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த வரிகளுக்கு நடுவே 'அவுட்புட்' என்ற இடத்தில் வோல்ட் ஒன்று, ஆம்பியர் ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். விளம்பரத் தாள் மறைத்தாலும் அந்தக் கணினிக்கு எவ்வளவு பசி என்பதை இந்தப் பெருக்கல் சொல்லிவிடும். முதல் வகைச் சார்ஜர் உள்ளங்கையில் அடங்கும், யுஎஸ்பி-சி முனையோடு வரும், கைப்பேசிக்கும் அதையே பயன்படுத்தலாம். இரண்டாவது, கம்பியோடு சேர்த்தால் முக்கால் கிலோவை ஒட்டி நிற்கும். விளம்பரங்களில் சொல்லும் எடையில் சார்ஜர் சேராது. ஆக மகள் பயப்படும் இரண்டரைக் கிலோ உண்மையில் மூன்றேகால் கிலோ. கடைக்காரர் சம்மதித்தால் இரண்டையும் மகளின் பையிலேயே போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்று மகன் சொல்லக்கூடும். கேமிங் கணினிகள் முழுத் திறனோடு ஓடுவது மின்சாரத்தில் செருகியிருக்கும்போது மட்டும்தான், பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் வாட்டைக் கணிசமாகக் குறைத்துவிடுவார்கள். பேட்டரியையே பெரிதாக்கிவிடவும் வழியில்லை. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற வரம்பு இருப்பதால், எவ்வளவு விலை கொடுத்தாலும் மடிக்கணினி பேட்டரிகள் அதைத் தாண்டுவதில்லை. 150 வாட் இழுக்கும் கணினி அந்தப் பேட்டரியில் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

இனி படிப்பு எதைக் கேட்கிறது என்பதற்கு வருவோம். பெரும்பாலான கட்டடக்கலைப் பாடத்திட்டங்களில் தொடக்கத்தில் கையால் வரைவதற்கும் அட்டையில் மாதிரி செய்வதற்கும் பெரும்பங்கு உண்டு. பிறகு வரும் மென்பொருள்களில் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரைனோ ஆகியவை விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. ஆகவே 1.24 கிலோ எடையில் காற்றாடியே இல்லாமல் ஓடும் மேக்புக் ஏர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், துறையின் மென்பொருள் பட்டியலைக் கையில் வாங்காமல் அதன் பக்கம் போகாதீர்கள். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை. ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றுக்குத் தனியே பணம் ஒதுக்கத் தேவையிருக்காது. அவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அவற்றை இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ரெவிட்டில் கட்டடத்தை வரைவதும் திருத்துவதும் பெரும்பாலும் புரோசசரின் ஒற்றைக் கோர் வேகத்தையும் ரேமையும் நம்பி நடக்கும் வேலைகள். அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டின் அருமை தெரிவது, வரைந்த கட்டடத்துக்கு வெயிலும் நிழலும் கண்ணாடிப் பளபளப்பும் சேர்த்துப் படமாக்கும் ரெண்டரிங்கின்போது. சமர்ப்பிக்கும் வாரங்களில் அந்த வேலை மணிக்கணக்கில் ஓடும் என்பதும், அப்போது திறன் குறைந்த கணினி கண்ணீர் வரவழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் எந்த மாணவியும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ரெண்டரிங் செய்வதில்லை. அந்த வேலை நடப்பது ஒரு மேசையில், பெரும்பாலும் இரவில், மின்சாரத்தில் செருகிய நிலையில்.

அந்த மேசை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகன் பூட்டி வைத்திருக்கும் மேசைக்கணினியின் கிராபிக்ஸ் கார்டு, ஒரே பெயர் கொண்ட மடிக்கணினிக் கார்டைவிடக் கூடுதலான வாட்டில், நல்ல காற்றோட்டத்தில் ஓடுவது. 5,000 ரிங்கிட்டுக்கு எந்த மடிக்கணினி வாங்கினாலும் அதனோடு போட்டி போடுவது கடினம். தங்கைக்கு அதில் ஒரு பயனர் கணக்கு திறந்து, சமர்ப்பிக்கும் வாரங்களில் இரவு நேரத்தை விட்டுக்கொடுக்க அண்ணன் ஒப்புக்கொண்டால், தோளில் சுமக்கும் கணினியிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும். அவன் ஒப்புக்கொள்வானா என்பது கணினி சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல, அதை வீட்டில்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு மகள் பக்கம்தான், முழுவதுமாக அல்ல. ஒரு கிலோ எடையில் கிராபிக்ஸ் கார்டே இல்லாத வகைக்கும் போய்விட வேண்டாம். வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் மாதிரியைச் சுழற்றிக் காட்டவும், குழு வேலையில் உடனுக்குடன் சின்னப் படங்கள் எடுக்கவும் அடக்கமான கார்டு ஒன்று இருப்பது நல்லது. 14 அங்குலத் திரை, ஒன்றரை முதல் 1.7 கிலோ எடை, 50 அல்லது 60 வாட் அளவில் கிராபிக்ஸ் கார்டு, யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் வசதி: தேட வேண்டியது இதை. இவ்வகைக்கு, அதே பெயர் கொண்ட பாகங்களைச் சுமக்கும் கனமான கணினியைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். உங்கள் தொகைக்குள் அடக்க வேண்டுமானால் சென்ற ஆண்டு மாடலைத் தேடுங்கள், ஓராண்டு வித்தியாசத்தை மகளின் வரைபடங்கள் உணரப்போவதில்லை. மகள் விடுதியில் தங்குபவளாக இருந்து, கணினி அறையின் மேசையைவிட்டு அதிகம் நகராது என்றால், நான் மகன் பக்கம் சாய்ந்திருப்பேன்.

ஐந்து வருஷக் கவலைக்கும் ஒரு வார்த்தை. கணினி சீக்கிரம் கிழடாவதற்குக் கிராபிக்ஸ் கார்டைவிட ரேம் பற்றாக்குறைதான் பெரும்பாலும் காரணம். மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், வாங்கிய அளவுதான் கடைசி வரை. ஆகவே வாங்கும்போதே 32 ஜிபி உள்ளதைப் பாருங்கள். 16 ஜிபி என்றால், பின்னால் சேர்க்கத் தனி ஸ்லாட் உண்டா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரையில், எஸ்ஆர்ஜிபி எனப்படும் பொது நிற அளவுகோலில் உள்ள நிறங்கள் 100 விழுக்காட்டை ஒட்டி வருகின்றனவா என்றும் பாருங்கள். விலை மலிவான கேமிங் கணினிகளில் பெரும்பாலும் கைவைப்பது இந்தத் திரையில்தான், அதில் செங்கல் நிறம் சரியாகத் தெரிந்து அச்சில் வேறாக வந்தால் மதிப்பெண் போவது மகளுக்கு.

ரசீதைப் பத்திரப்படுத்த இன்னொரு காரணமும் உண்டு. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிக்கழிவில், பிள்ளைக்காக வாங்கும் கணினியும் அடங்கும். புத்தகங்களுக்கும் கைப்பேசிக்கும் இணையக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் அந்த வரம்பு.

கேள்வி: பினாங்குப் பெருநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். படவில்லைகள் தயாரிப்பது, கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் வேலைகளை ஏற்றுவது, தமிழில் கேள்வித்தாள் தட்டச்சு செய்வது, ஆண்டு விழாவில் மாணவர்களின் நாடகத்தைக் கைப்பேசியில் எடுத்துத் தொகுப்பது ஆகியவைதான் என் தேவைகள். லேசான கணினி வாங்க நினைத்தேன். காணொலித் தொகுப்பு என்றாலே கேமிங் வகைதான் வேண்டும் என்று சக ஆசிரியர்கள் தடுக்கிறார்கள்.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: ஐயா, தயங்காமல் லேசானதை வாங்குங்கள். காணொலியைச் சுருக்கவும் விரிக்கவும் தேவையான தனிச் சுற்றை இன்டெல் 2011ஆம் ஆண்டு முதலே தன் புரோசசர்களுக்குள் வைத்து வருகிறது, ஏஎம்டியிலும் ஆப்பிளிலும் அதற்கு ஒப்பானவை உண்டு. கைப்பேசியில் எடுத்த நாடகத்தை வெட்டி ஒட்டித் தலைப்புச் சேர்ப்பதற்கு அது தாராளம். ஆண்டுக்கு ஓரிரு முறை, ஒரு காணொலி பதினைந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்பதற்காக ஆண்டு முழுதும் இரட்டைச் சுமையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு ஏறி இறங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தமிழ்த் தட்டச்சும் இந்தத் தேர்வில் குறுக்கே வராது. தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைமுகங்களும் விண்டோஸிலும் ஆப்பிளிலும் உள்ளமைந்தே கிடைக்கின்றன. ஆப்பிள் கணினியில் உடன் வரும் இணைமதி எழுத்துருவே நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்ததுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மெல்லியவற்றில் பலவற்றுக்கு யுஎஸ்பி-சி துளைகள் மட்டுமே இருக்கும், பள்ளியின் புரொஜெக்டரோ எச்டிஎம்ஐ கேட்கும், பழையதானால் விஜிஏ கேட்கும். எச்டிஎம்ஐ உள்ள மாடலையே தேடுங்கள். இல்லாவிட்டால் இணைப்பான் ஒன்று வாங்கிப் பையின் நிரந்தரக் குடியாக வைத்துவிடுங்கள். இன்னொன்று, லேசானது என்ற பெயரில் ஆயிரம் ரிங்கிட் சுற்றளவில் விற்கும் சிலவற்றில் 4 ஜிபி ரேமும் இஎம்எம்சி எனப்படும் மெதுவான சேமிப்பகமும் இருக்கும். அவை லேசானவை மட்டுமல்ல, சோனியானவை. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1.4 கிலோவுக்குள் எடை என்று கேளுங்கள்.

சென்ற ஆண்டின் கழிவு விலைக் கணினிகளைப் பார்க்கலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழையவற்றை வாங்குவதாக இருந்தால், விண்டோஸ் 11 ஏறுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புரோசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை.

கேள்வி: பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மெல்லிய மடிக்கணினி ஒன்று வாங்கினேன், பெரிய கோப்புகளைத் திறந்தால் சில நிமிடங்களில் வேகம் இறங்கிவிடுகிறது. அடியில் வைக்கும் காற்றாடித் தட்டு வாங்கினால் கனமான கணினியின் வேகம் வந்துவிடுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: வராது. இன்டெல்லும் ஏஎம்டியும் 1972ஆம் ஆண்டிலேயே சில்லுகளைப் பொதிந்து சோதிக்கத் தொடங்கிய ஊரில் இருக்கிறீர்கள், ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த சில்லுகளும் சோதனையில் வெவ்வேறு தரங்களாகப் பிரிவதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். குறைந்த மின்சாரத்தில் நிலையாக ஓட வேண்டியவை மெல்லிய கணினிகளுக்கும், கூடுதல் மின்சாரம் எடுத்து வேகம் காட்ட வேண்டியவை கனமானவற்றுக்கும் போகின்றன. இன்டெல்லின் பெயர்களில் கடைசியில் வரும் 'யு', 'எச்' எழுத்துகள் பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான் காட்டும். அதற்கு மேல், நீடித்த வேலைக்கு இத்தனை வாட் என்ற வரம்பைத் தயாரிப்பாளர் கணினியின் அடிப்படை நிரலிலேயே எழுதி வைக்கிறார். தொடக்கத்தில் சிறிது நேரம் அதைத் தாண்டி ஓட விட்டு, பிறகு வரம்புக்குள் இழுத்துப் பிடிப்பார்கள். நீங்கள் பார்க்கும் வேக இறக்கம் பெரும்பாலும் இதுதான். எவ்வளவு குளிர்ந்த காற்றை ஊதினாலும் 28 வாட் வரம்பு 45 ஆகாது.

வெப்பத்தால் அந்த 28 வாட்டுக்கும் கீழே இறங்குகிறது என்றால் மட்டும் தட்டு உதவும், அதுவும் காற்றை அடிப்புறத்திலிருந்து இழுக்கும் கணினியானால்தான். வாங்குவதற்கு முன் கணினியின் பின்பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, அதே கோப்பைத் திறந்து பாருங்கள். தட்டால் வரக்கூடிய பயனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். மெத்தையின் மீதோ தலையணையின் மீதோ வைத்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் வேகம் இறங்குவது மாறவில்லை என்றால், அந்தக் கோப்புகளுக்கு உங்கள் கணினி ஏற்றதல்ல.